நான் கழுவிய புட்டிகள்

12-8-2003, செவ்வாய்

இன்று காலை கடைத்தெருவில், பூச்சி மருந்து விற்கிற முனுசாமியை எல்லார் எதிரிலும் ஏசிவிட்டு வந்தேன். "உன் மருந்துக்கு ஈ கூட சாவல. தண்ணிய வித்துகினு கீறியா?"

"மெதுவா பேசுங்க ஆயா, ஆளுங்க பாக்கறாங்க" என்றான். நான் விடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் மருந்தை அடித்தும் என் கொய்யா அத்தனையும் புழுத்தது. நான் மறப்பேனா?

என் பேத்தி செல்வி விவசாயக் காலேஜில் படிக்கிறாள். கொய்யாவைக் கெடுக்கும் பழ ஈக்கள் அந்த மருந்துக்குச் சாகின்றனவா என்று பார்க்க, நேற்று அவற்றைப் புட்டிகளில் விட்டாள். காலையில் எல்லாம் உயிரோடு பறந்தன. அதைப் பார்த்துத்தான் நான் ஓடினேன்.

சாயங்காலம் செல்வி சொன்னாள். "சனிக்கெழமையே புட்டிக்குள்ள மருந்த பூசி காய வெச்சிருந்தேன் ஆயா. அப்பவும் சாவல. ஈக்கு மருந்து பழகிப்போச்சுன்னு எழுதப் போறேன்."

புட்டி மங்கலாக இருக்கிறதே என்று முந்தாநாள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தவள் நான். "அப்படியா கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

மருந்து நல்லதா கெட்டதா, இப்போது யாருக்கும் தெரியாது. விடிந்ததும் செல்வியிடம் சொல்லிவிடுவேன். முனுசாமியிடமும் சொல்ல வேண்டும். அதே நேரத்துக்குப் போனால்தான் அதே ஜனம் இருக்கும்.