பீடியை விட்ட பிறகு

அப்பா,

அன்று டாக்டர் முன்னால் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். புகையிலை.

ரேஷன் கார்டைத் தேடி இன்று காலை உங்கள் ரெக்சின் பையைத் திறந்தேன். அடியில் ஒட்டியிருந்த புகையிலைத் தூள் இன்னும் காரமாக மணக்கிறது. கார்டை எடுக்காமலேயே ஜிப்பை மூடிவிட்டேன். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பீங்கான் கம்பெனியில் சூளைக்குச் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். கொஞ்ச தூரம் நடந்தாலே இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றதும் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர்.

"மாத்திரை நான் தரேன். மிச்சம் உங்க கையிலதான் இருக்குது. தினம் நடங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் மறுபடி நடங்க. புகைய விடலன்னா காலு போயிடும்."

பஸ் ஏறும் முன்பே பீடிக்கட்டைச் சாக்கடையில் வீசினீர்கள். முப்பது வருடப் பழக்கம்.

மறுநாளிலிருந்து மின்கம்பங்களை எண்ணி நடந்தீர்கள். மூன்றாவது போஸ்ட்டிலேயே வலி வந்துவிடும். சீக்காளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று, நின்ற இடத்திலேயே அண்ணாந்து, மேலே கம்பியைத் தாங்கும் பீங்கானைப் பார்ப்பீர்கள். டீக்கடைக்காரர் விடமாட்டார்.

"என்னா மாமா, கரண்டு ஆபீசுல சேந்துட்டியா?"

"நாங்க சுட்ட சரக்குடா. விரிசல் வுட்டிருக்குதான்னு பாக்கறேன்."

"போஸ்ட்டுக்குப் போஸ்ட்டு பாக்கறியே, ஒன்னாவது தேறுச்சா?"

இரண்டடி பின்னால் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். மூன்று போஸ்ட் ஐந்தாகி, ஒன்பதும் ஆனது.

பீடியை விட்ட வாய் சும்மா இருக்கவில்லை. வெற்றிலையோடு ஒரு துண்டு என்று தொடங்கி, வெறும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதில் வந்து நின்றது. ஒருநாள் நான் முறைத்தேன்.

"இதுல என்னா இருக்குது பாப்பா? பேரே சொல்லுது பாரு, புகையில்ல!"

உங்கள் வேடிக்கைக்கு நீங்களே சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை நீங்கள் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் உங்களுக்கு அந்தப் பொடி எழுத்து எட்டாது. கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கும் நான் அதை வரி விடாமல் படித்திருந்தேன். எந்த வகையிலும் புகையிலை ஆகாது என்று அதில் இருந்தது.

மூன்றாம் மாதம் மறுபடி போனோம்.

"புகைய விட்டாச்சா?"

"விட்டாச்சுங்க. தொடறதே இல்லீங்க."

டாக்டர் உங்கள் தோளைத் தட்டினார். கதவைத் திறந்து, வெளியே காத்திருந்தவர்களிடம் "இவரப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். வெட்கப்பட்டுச் சிரித்தீர்கள். உங்களை யாரும் அப்படிப் பாராட்டி நான் பார்த்ததில்லை. நீங்கள் சொன்னது பொய்யுமில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், நாளைக்கு என்று நினைத்தேன். பூத்திலிருந்து டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால், அவரே உங்களிடம் பேசியிருப்பார். அம்மா இல்லாத வீட்டில் நாம் இருவர்தான். அந்தச் சந்தோஷத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மழைக்காலத்தில், கம்பெனியில் ஒரு பீங்கான் சில்லு உங்கள் இடது கால் கட்டைவிரலைக் கீறியது. ஆறவில்லை. விரல் கறுத்த பிறகு பாண்டியில் சேர்த்தேன். சீட்டு எழுத வந்த நர்ஸ், "பாக்கு, புகையிலை ஏதாவது போடுவாரா?" என்று கேட்டார்.

"புகையிலை போடுவாங்க," என்றேன்.

அவர் போன பிறகு மெல்லக் கேட்டீர்கள். "அதுவும் ஆகாதா பாப்பா?"

"ஆகாதாம்பா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"எனக்குந்தான் தெரியல," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அந்தத் தட்டலை யாரிடமும் சொல்லாமல் இன்னும் வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதன் பிறகு எட்டு மாதம் இருந்தீர்கள். ஆடியில் ஒரு காலை மாரடைப்பு வந்தது. ஆட்டோ வந்தபோது உயிர் இல்லை.