பங்குனியிலிருந்து பின்னுக்கு

மார்ச் 3, செவ்வாய்
தூறல். உடுப்பு வெளியில காயப்போட ஏலாது.
பேத்தி மதுரா நேற்றுப் பின்னேரம் பையோட வந்திட்டாள். சனிக்கிழமை றக்பி ஆட்டத்தில ஒருத்தியின்ர முழங்கால் இவளின்ர மண்டையில பட்டது. கன்கஷனாம், மூளை குலுங்கினதாம். தனிய விடக் கூடாதெண்டு கிளப்பில சொல்லிப்போட்டினம். தாய்க்கு இந்த மாதம் முழுக்க ஷிப்ட். அதால நோர்பரி வீட்டுக்கு, என்னட்டை.
கூடாதது: டிவி, போன், வெளிச்சம், சத்தம். மிக்ஸியும் வேண்டாமாம். சம்பல் உரலில இடிச்சன். கை நோ.
வெம்பிளி மச்சாள் போன். பொம்பிளைப் பிள்ளைக்கு றக்பி என்னத்துக்கு, கலியாணத்துக்கு முதல் மூக்கு உடைஞ்சால் ஆர் கட்டுறது எண்டா. உங்கட மகன் படி ஏறவே மூச்சு வாங்குறான், இவள் சம்பளத்துக்கு விளையாடுறாள் எண்டன். வைச்சிட்டா.

மார்ச் 5, வியாழன்
வெயில். யன்னல் சீலை மூடினபடி.
14ஆம் திகதி ஆட்டத்தில இவளை முதல்தரம் தொடக்கத்திலேயே இறக்கப் போகினமாம். ரண்டு வருசமா மாற்று ஆளா வாங்கில குந்தியிருந்தவள். அதுக்கு முதல் படிப்படியா ஏற வேணும்: நடை, சைக்கிள், ஓட்டம், பந்து, கடைசியாத்தான் மோதல். தலையிடி இருந்தால் அடுத்த படி இல்லை.
கிளப்பில காயம் பாக்கிற பிசியோ சோதனையும் வைப்பாவாம். பத்துச் சொல் சொல்லிப்போட்டு ஞாபகம் கேக்கிறது, ஒற்றைக் காலில நிக்கச் சொல்லுறது, மாதங்களைப் பின்னுக்கிருந்து கேக்கிறது.
குசினிக்குள்ள நிண்டு பாடமாக்குறாள். டிசெம்பர், நவெம்பர், ஒக்ரோபர். தண்ணி மாதிரி. வெங்காயம் உரிச்சபடி நானும் சொல்லிப் பாத்தன். எனக்கும் வருது.

மார்ச் 8, ஞாயிறு
பிசியோ போன் எடுத்தவ. தலையிடி இல்லை, நல்லா இருக்கிறன் எண்டு இவள் இங்கிலிசில சொல்லுறாள். மற்றக் கையால நெற்றியில உறைஞ்ச பட்டாணிப் பை.
வைச்சிட்டு என்னைப் பாத்தாள்.
"அம்மம்மா, ஆருக்கும் சொல்லாதேங்கோ. பிளீஸ்."
ஓம் எண்டிட்டன். ஏன் சொன்னன்?
பால் வாங்க வேணும். கறிவேப்பிலையும்.

மார்ச் 9, திங்கள்
பிசியோவின்ர நம்பர் பிரிட்ஜில ஒட்டியிருக்கு. ரண்டு தரம் போனைக் கையில எடுத்தன். தலையிடி எண்டு சொல்லுற அளவுக்கு இங்கிலிஸ் எனக்கும் தெரியும். சொன்னால் இவள் என்னோட கதைக்க மாட்டாள். சொல்லாமல் விட்டு, இன்னொரு அடி விழுந்தால்?

மார்ச் 10, செவ்வாய்
காத்து.
நாளைக்குச் சோதனை. காலமையே டிசெம்பர், நவெம்பர். நான் தேங்காய் திருவிக்கொண்டு கேட்டன்: "பங்குனியிலயிருந்து பின்னுக்குச் சொல்லு பாப்பம்."
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில மாதம் சொல்லிக் கப் வாங்கினவள். கப் இப்பவும் என்ர அலுமாரியில.
பங்குனி, மாசி, தை. நிண்டுது. திரும்பத் தொடங்கினாள். தையில நிண்டுது. மூண்டாந்தரம் மாசியிலேயே.
நிலத்தில இருந்திட்டாள்.
"வருதில்லை அம்மம்மா. தலைக்குள்ள ஒரே பஞ்சு."
பக்கத்தில போய் இருந்தன், முழங்கால் நோவோட. கொஞ்ச நேரத்தால தானே எழும்பிப் போனை எடுத்தாள். எல்லாம் சொன்னாள், பட்டாணிப் பை வரைக்கும். பிசியோ ஏசேல்லையாம். சொன்னது நல்லது, முதல் படியிலயிருந்து தொடங்குவம் எண்டவவாம்.
14ஆம் திகதி இல்லை.
எனக்கு ஆறுதலும் கவலையும். புட்டு அவிச்சன். ரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

மார்ச் 14, சனி
ஆட்டம். இவள் டிவி பாக்கக் கூடாது. நான் முன் அறையில சத்தமில்லாமல் பாத்து, ஓடிப்போய்ச் சொல்லுறது. எல்லாரும் குவியலா விழுந்து கிடக்கினம் எண்டன். ஆர் மேல, ஆர் கீழ எண்டு கேக்கிறாள். கால் மட்டும்தான் தெரியுது எண்டன். சிரிச்சாள். சிரிக்கத் தலை நோகேல்லையாம்.
எங்கட ஆக்கள் வெண்டிட்டினம். இவளின்ர இடத்தில இறங்கின பிள்ளை நல்லா விளையாடினவ. அதைச் சொல்லேல்லை.

ஏப்ரல் 1, புதன்
நல்ல வெயில். உடுப்பு வெளியில.
பார்க்கில அரை மணித்தியாலம் ஓடிப்போட்டு வந்தாள். தலையிடி இல்லை. பட்டாணிப் பை ஐஸ் பெட்டியிலேயே கிடந்தது, கறி வைச்சிட்டன்.
பின்னேரம் குசினியில ஒற்றைக் காலில நிண்டு, நான் கேக்காமலே, பங்குனியில தொடங்கிச் சித்திரை வரைக்கும் ஒரே மூச்சில சொன்னாள். அடுத்த கிழமை பந்து தொடலாமாம்.
மிக்ஸி போடட்டோ எண்டு கேட்டன்.
"போடுங்கோ."
போட்டன். சம்பல் கூழாப் போச்சு.