நாலு இஸ்பேடு கேட்காத மனிதர்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே நான், என் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இதற்குமேல் நலம் விசாரிக்கிற பொறுமை எனக்கு இல்லை, வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. தன் புருஷனை நான் திருடன் என்று சொல்லிவிட்டதாக உன் தங்கை உனக்குப் போன் செய்திருப்பாள். சொன்னேன், மறுக்கவில்லை. ஏன் சொன்னேன், அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் நீ கேட்டாக வேண்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய். அதனால்தான் கடிதம்.

நீ எனக்கு எதிரே உட்கார்ந்து பிரிட்ஜ் சீட்டு ஆடிய காலம் போய்விட்டது. இப்போது என் கூட்டாளி என் மனைவிதான். சைக்கிள் கடைக்கு மேலே அதே அறை, அதே ஆடுகிற மேஜை. இரண்டு குழல்விளக்கில் ஒன்று எரிவதில்லை, மாற்றுவதற்கு நாதியில்லை. உன் தங்கையும் நம் கப்சிப்பும் ஜோடியாக வருவார்கள். ஆமாம், உன் மச்சானுக்கு நாம் வைத்த பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. தன் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டை வாங்கி மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிற வரைக்கும் வாயைத் திறக்காத மனிதர். அப்பாவி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்!

சில மாதமாகவே அவர்கள் ஏலம் கேட்கிற விதம் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. நீ மறந்திருப்பாய், அதனால் விளக்கமாக எழுதுகிறேன். கூட்டாளி கையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஏலத்தில் கேட்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். உன் தங்கை ‘ஒரு இஸ்பேடு’ என்றால் அவளிடம் குறைந்தது ஐந்து இஸ்பேடு இருக்கிறது என்று அர்த்தம். எதிரே இருப்பவரிடம் நாலு இஸ்பேடும் நல்ல கையும் இருந்தால், எந்த மடையனும் நாலு இஸ்பேடு வரைக்கும் போவான். கப்சிப் போகமாட்டார். அவள் சிவப்புச் சீட்டைக் கேட்டால் ஒழுங்காகப் பின்னாலேயே போவார். கறுப்பைக் கேட்டால் மட்டும் நழுவித் துருப்பே வேண்டாம் என்பார். சில நாள் அதனாலேயே தோற்றார்கள், அது என் மண்டையில் ஏறவில்லை. ஜெயித்த நாட்கள்தான் ஏறின.

அன்றைக்கு என் கையில் இஸ்பேடு நாலு, ராஜா ராணியோடு. உன் தங்கை ‘ஒரு இஸ்பேடு’ என்றாள். வா ராஜா வா என்று நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்தேன். கப்சிப் கூரையைப் பார்த்தார், ‘மூணு, துருப்பு இல்லாம’ என்றார். இனி அவர்தான் இரண்டு கையையும் ஆட வேண்டும். அவள் தன் சீட்டை மேஜையில் விரிக்கப் போனாள். அவர் கைநீட்டி வாங்கி, ‘நீ போய் டீ குடிச்சிட்டு வா, நான் அடுக்கிக்கிறேன்’ என்று அனுப்பிவிட்டுத் தானே அடுக்கினார். பார்க்கிறேன், இஸ்பேடு மூன்றுதான்! மீதிக் கறுப்பெல்லாம் வரிசையாகக் கிளாவர். நாலு இஸ்பேடு கேட்டிருந்தால் கவிழ்ந்திருப்பார்கள், இதில் சுலபமாக ஜெயித்தார்கள். அவருக்கு எப்படித் தெரிந்தது? நீயே சொல்.

நான் கத்தவில்லை. முறைப்படி, ஆட்டம் முடிந்த பிறகு உன் தங்கையிடம், இஸ்பேடு கேட்பதில் உங்களுக்குள் தனி ஏற்பாடு ஏதாவது உண்டா என்று மரியாதையாகவே கேட்டேன். ‘அஞ்சு இல்லாம நான் கேட்டதே கிடையாது’ என்று வெடுக்கென்று சொன்னாள். என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்சிப்பைத் திருடன் என்று சொல்லி நடுவரைக் கூப்பிட்டேன். அவர் அந்தச் சீட்டுகளைக் கலைக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, மறுவாரம் நம் கிளப் கமிட்டியைக் கூட்டினார்.

கமிட்டியில் நடுவர் அந்தப் பதின்மூன்று சீட்டையும் உன் தங்கையிடம் கொடுத்து, எதை வைத்து இஸ்பேடு கேட்டீர்கள் என்றார். நான் ஆத்திரத்தில் எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், எந்தத் தில்லுமுல்லும் என் கண்ணில் படாமல் போகக் கூடாது என்று. அவள் சீட்டை விசிறியாக விரித்தாள், முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள், ஐந்து சீட்டைக் கட்டைவிரலால் ஒதுக்கினாள். ‘இதோ அஞ்சு இருக்கே! அன்னைக்கு உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலையா?’ என்று என்னையே திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

அவள் ஒதுக்கியதில் மூன்று இஸ்பேடு. இரண்டு கிளாவர்.

அவள் பொய் சொல்லவில்லையடா. அந்த முகத்தில் பொய் இல்லை.

சீட்டை மேஜையில் வைத்துக் காட்டுங்கள் என்று நடுவர் சொல்ல வாயெடுப்பதற்குள் கப்சிப் எழுந்துவிட்டார். வருஷக்கணக்கில் பேசாத மனிதர் மளமளவென்று பேசினார். ‘அவளை விட்டுடுங்க. ஏலத்துக்கு முன்னாடி அவ சீட்டை அடுக்குறப்ப நான் எட்டிப் பாத்துட்டேன். ஏமாத்தினது நான்தான், அவளுக்கு ஒண்ணும் தெரியாது’ என்றார். சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக் கலைத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. நான் திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருஷத்துக்கு அவர் ஆடக் கூடாது என்று தீர்ப்பு. உன் தங்கை பையைத் தூக்கிக்கொண்டு அவரைத் திரும்பியும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள், கைப்பிடியைத் தடவித் தடவி.

அப்புறம்தான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. போன மாதம் என் பெயிண்ட் கடையில் வாசல் கேட்டுக்குப் பூசக் கருநீலம் வாங்கிப் போனவள், கறுப்பைக் கொடுத்து ஏமாற்றிவிட்டதாக டப்பாவோடு திரும்பி வந்து என்னைத் திட்டினாள். நானும் திட்டினேன். அந்த டப்பாவில் இருந்தது கருநீலம்தான்.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் குறைகிற வரைக்கும் நின்று, என்ன மனுஷனய்யா நீங்கள் என்று பிடித்துக்கொண்டேன். உன் தங்கைக்குக் கண்புரையாம், கண்மணி வெளுத்திருக்கிறதாம். இரண்டு கண்ணிலுமாம். தனக்கு மங்கல் என்பது அவளுக்குத் தெரியும், விளக்கு சரியில்லை என்று சமாளிக்கிறாள். பள்ளிக்கூடத்து விடைத்தாளையெல்லாம் இவர்தான் வீட்டில் சத்தமாகப் படிக்கிறாராம், அவள் கேட்டுக்கொண்டே மதிப்பெண் சொல்கிறாளாம். இஸ்பேடும் கிளாவரும் மாறித் தெரிகின்றன என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தாலே ரெண்டு நாள் சாப்பிடுவதில்லையாம். ‘சீட்டு தெரியலைன்னா அவ உடைஞ்சு போயிடுவா. நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன்’ என்றார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! திருடன் பட்டத்தைச் சுமப்பாராம், பெண்டாட்டியைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகமாட்டாராம். இது என்ன வீரம்? இப்போது கேட்டுக்கொள்: அந்தப் பெண் அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு மதிப்பெண் கூடப் போட்டாலும் தூக்கம் வராதவள். ஏமாற்றுகிறவனோடா இத்தனை வருஷம் இருந்தேன் என்று கேட்டாளாம். அதற்கப்புறம் அவரோடு பேச்சில்லை. விடைத்தாளையும் அவரிடம் கொடுப்பதில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து தானே மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு திருத்துகிறாள். அவர் அடுத்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

நான் போய்ச் சொன்னால் பழி தீர்க்க வந்தேன் என்பாள். அவர் சொல்லமாட்டார். நீதான் சொல்ல வேண்டும், நேரில் வந்து. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். உங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த அன்று நாம் இருவரும் வராந்தாவில் நின்றிருந்தோம். உள்ளே அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ‘ஏன்டி இன்னும் விளக்கைப் போடல?’ என்று அம்மா கேட்டது அவளிடம்தான். அந்தக் காலம் வேறு, இப்போது காலையில் போனால் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று யார் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. அந்த வராந்தாவில் நின்றவன் சொன்னால் ஏறும்.

கமிட்டியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதை அவர்கள் வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று, கப்சிப் செய்தது தப்புத்தான். கூட்டாளி ஏலத்தில் கேட்பதைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை எதிராளிக்கும் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். என்னிடம் ஒரு வார்த்தை காதோடு சொல்லியிருந்தால் போதும். சொல்கிற மாதிரி நான் நடந்துகொண்டேனா என்று என் மனைவி கேட்கிறாள்.

கிளம்பி வாடா. லீவு இல்லை, டிக்கெட் இல்லை என்று எழுதினால் நானே வந்து இழுத்துக்கொண்டு வருவேன். உன் தங்கை கண் தெளிந்து நன்றாக இருக்கட்டும். அவள் ‘ஒரு இஸ்பேடு’ என்று சொல்லி, எதிரே இருக்கிற அந்த மனிதர் கூரையைப் பார்க்காமல் நாலு இஸ்பேடு கேட்கட்டும். அன்றைக்கு என் கையில் ராஜாவும் ராணியும் இருந்தாலும் பரவாயில்லை, நான் தோற்றுப்போகிறேன். அதுவரைக்கும் அந்த மேஜைப்பக்கம் நானும் போவதாக இல்லை.

உன் வரவை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் பெயிண்ட் கடைக்காரன்