மூட்டத்தில் வந்த சூடு

சித்திரை, வெள்ளிக்கிழமை

எங்கள் பட்டாசுக் கம்பெனியில், சூடு பட்டால் தீப்பிடிக்கும் என்பதால், வெடிமருந்து கலப்பதை விடியற்காலைக் குளிரிலேயே முடித்துவிடுவோம். நேற்று சாயங்காலத்திலிருந்து மேகமூட்டம். வெயில் இல்லை, கவலையும் இல்லை என்று தூங்கினேன். இன்று காலையில் கலவை அறைக்குள் போன, மருந்து கலக்கும் மாரியம்மாள் உடனே வெளியே வந்துவிட்டாள்.

"தரை வெதுவெதுன்னு இருக்குண்ணே. இன்னைக்கு என்னையக் கலக்கச் சொல்லாதீக."

"சூரியனே இன்னும் வரல. எங்கிட்டு இருந்து வரும் சூடு?" என்று அதட்டினேன். நான்தானே போர்மேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆப்சென்ட் போட்டேன். ஆனால் வேறு ஆளை உள்ளே அனுப்ப மனம் வரவில்லை.

மத்தியானம் வீட்டில் மகளின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். பகல் வெயிலில் தரை சூடேறுமாம். இரவில் அந்தச் சூட்டைப் போகவிடாமல் மேகம் போர்வை மாதிரி பிடித்துவைக்குமாம். அப்படியானால் நான் நம்பிய மேகமே வினையா? பூமிக்குள்ளேயும் கொதிக்கிறதாம், அந்தச் சூடு மேலே வருவது கொஞ்சம்தானாம். உள்ளே கொதித்தால் கிணற்றுத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது?

சாயங்காலமும் மூட்டம்தான். செருப்பைக் கழற்றிவிட்டு கலவை அறை வாசலில் நின்று பார்த்தேன். சுடுகிறதா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. அவள் வெறுங்காலோடு அந்த அறைக்குள் போகிறவள். நான் செருப்போடு வெளியே நிற்கிறவன்.