நீல ஃபில்டர்

அத்தானுக்கு,

திருவேங்கடத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன். அம்மா சுகம். மெட்ராஸ் லேபிலிருந்து வந்த கலர் படங்களை நான்தான் எடுத்துட்டு வந்தேன். ஸ்டூடியோவில் தேட வேண்டாம்.

பங்குனி அமாவாசைக்கு ஐந்தருவிப் பக்கம் வால்நட்சத்திரம் எடுக்கப் போனோமே, அந்தப் படங்கள். கேமராவை என்கிட்ட விட்டுட்டு நீங்களும் தளவாய் அண்ணாச்சியும் பாறை மேலே ஏறினீங்க. வால் நல்லா விழணும், நீல ஃபில்டரைக் கழற்றாதேன்னு மூணு தடவை சொன்னீங்க. நான் கழற்றிட்டேன். அத்தனை இருட்டில் கலர் பிலிமுக்கு ஃபில்டர் எதுக்கு, படம் பூரா நீலம் பாய்ஞ்சுடுமேன்னு நினைச்சேன்.

வால் நல்லா வந்திருக்கு. ஓரத்தில் பாறையும் விழுந்திருக்கு. கண்ணு கூசாம இருக்க நீங்க ரெண்டு பேரும் டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றியிருந்தீங்க. லென்ஸை ரொம்ப நேரம் திறந்தே வச்சதால் அந்த வெளிச்சம் கோடு கோடாப் பதிஞ்சிருக்கு. நீல ஃபில்டர் இருந்தா சிவப்பை மறைச்சிருக்கும், அது தெரிஞ்சிருக்காது.

முதல் படத்தில் ரெண்டு கோடு ஏறுது. கடைசிப் படத்தில் ஒரு கோடுதான் இறங்குது.

அண்ணாச்சியும் கூடவே இறங்கி, நான் இருந்த பக்கம் வராம வடகரை ரோட்டில் பிரிஞ்சு பம்பாய்க்குப் போயிட்டார்னு எல்லார்கிட்டயும் சொல்லுதீங்க. அவர் சம்சாரம் இன்னும் கடுதாசிக்குக் காத்திருக்கா. ஸ்டூடியோ போர்டில் கூட்டாளின்னு உங்க பேரோட இருந்த அவர் பேரை நீங்க அழிச்சது போன வாரம்தான் என் கண்ணில் பட்டுது.

என்னைக் கூட்டிட்டுப் போக வர வேண்டாம். நெகட்டிவ் வேற ஆள்கிட்ட இருக்கு.

தென்காசி பஸ்ஸில் வந்தவங்க சொன்னாங்க, சாரல் பிடிச்சு அருவியில் தண்ணி விழ ஆரம்பிச்சிட்டாம். ரெண்டு மாசமா மேலே கிடக்கிறது எல்லாம் இனி கீழே வரும்.

இப்படிக்கு,
அன்னைக்குக் கேமராவுக்குக் காவல் இருந்தவள்