வாட்டம் வைத்த தண்டவாளம்

மார்ச் 4, செவ்வாய்

மன்னிச்சுக்கோ, குட்டி. இந்நேரத்துக்கு விளக்கைப் போட்டு உன் கண்ணைக் கூச வைக்கிறேன். விளக்கின் மேல் துண்டைப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் எழுதிவிட்டு அணைத்துவிடுவேன். பகலில் எனக்கென்று ஒரு நாற்காலி கூடக் கிடைப்பதில்லை.

இன்று எங்கள் தொழிற்பேட்டைக்கு ஒரு கூட்ஸ் பெட்டி வந்தது. லாரியில் வந்தது! ரயில் வசதி உள்ள தொழில் மனைகள் என்று ஊரெல்லாம் பலகை வைத்திருக்கிறோம், ரயில் பெட்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறோம். வேறு வழியில்லை. ஊர் மேஸ்திரி போட்ட கிளைப் பாதை மெயின் லைனைத் தொடவில்லை. ஒரு பஸ் நீளத்துக்கு முன்பே ஜல்லியில் முடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியை ரயில்வேக்காரர்கள்தான் சேர்த்துத் தர வேண்டும். "இதோ, அதோ" என்று ஒரு வருடம் ஓடிவிட்டது.

அடுத்த வாரம் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்காகத்தான் பழைய இரும்புக் கடையிலிருந்து இந்தப் பெட்டி. வெளியூரிலிருந்து கிரேன் வரவழைத்து இறக்கி வைத்தார்கள்.

"எதுக்குங்க ஐயா இது?" என்று கேட்டேன்.

ஊர் வளர்ச்சிக் குழுத் தலைவர் சிரித்தார். "வாடகைக்கு வீடு பாக்க வர்றவங்களுக்கு அடுப்புல ஒரு பாத்திரமாவது தெரியணும்மா. வெறும் அடுப்பைக் காட்டினா, இவங்க வீட்ல சோறே பொங்க மாட்டாங்க போலன்னு போயிடுவாங்க."

நான் படித்த பொருளாதாரத்தில் இந்தப் பாடம் இல்லை. ஆனால் விளம்பரத் தாளில் "ரயில் உங்கள் வாசலுக்கே வரும்" என்று எழுதியது நான். அந்த வரிக்காகத்தான் என்னை வேலையில் நிரந்தரமாக்கினார்கள்.

மார்ச் 6, வியாழன்

தலைவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். "சரக்கு இறக்க இங்க கிரேன் வரும்மா. முதல் கிரேன்ல உட்காரப் போறது உன் வீட்டுக்காரர்தான்."

அவர் கடல் தாண்டித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வருடத்துக்கு ஒரு முறை வருவார். குட்டி அவரைப் பார்ப்பது போனில்தான். சார்ஜ் இறங்கினால், "அம்மா, அப்பாவுக்குப் பசிக்குது" என்று போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அப்புறம் குளியலறைக்குப் போவேன்.

செய்தியை அத்தையிடம் சொன்னேன். மாமியார் என்றால் மாமியார்தான் — தெரு முனை திரும்பும் முன் ஊருக்கே தெரிந்துவிட்டது. ராத்திரி என் தட்டில் தானாகவே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "எம்புள்ள வந்துட்டா நான் ஏன்டி உங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப் போறேன்?"

அப்படியானால் இத்தனை நாள் தூக்கி வைத்திருந்தது எனக்கு மட்டும் தோன்றியது இல்லை!

மார்ச் 8, சனி

அவர் கூப்பிட்டார். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பார்க்கிறாராம்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீ எழுதின தாளை இங்க நாலு பேருக்குப் படிச்சுக் காட்டினேன். ரயிலே வாசலுக்கு வருதாம், நான் வர மாட்டேனா?"

வெட்கமாக, பெருமையாக இருந்தது. இரண்டும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்தாயிற்று. சக்கரத்துக்கெல்லாம் எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

இன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள்.

பந்தல், நாற்காலி, குளிர்ந்த தண்ணீர், எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கம்பெனிக்காரர்கள் ஐந்து பேர். வரைபடத்தைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அத்தையும் குட்டியும் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள் — மகன் வேலை செய்யப்போகும் இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அத்தை பிடிவாதம்.

பெட்டி முன்னால் நின்று படம் எடுக்கலாம் என்றார் ஒருவர். சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை கிடந்தது. "படத்துல அசிங்கமாத் தெரியுதே" என்று தலைவரே அதைக் காலால் தள்ளிவிட்டார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் சிரித்தபடி நின்றோம். பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஏதோ முனகியது. திரும்பினேன். பெட்டி நகர்கிறது. எஞ்சின் இல்லை, தள்ள ஆளில்லை, மெயின் லைனைப் பார்த்துத் தானாக உருண்டு போகிறது. முதலில் குழந்தை தவழும் வேகம். அப்புறம் நடை. அப்புறம் மேஸ்திரி "ஏய், ஏய்!" என்று மாட்டை அதட்டுவதுபோல அதட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.

குட்டி எங்கே? அதுதான் எனக்குத் தோன்றியது, வேறு ஒன்றும் தோன்றவில்லை. அத்தையின் மடியில் இருந்தாள். கை தட்டிக்கொண்டிருந்தாள். "ரயில் போகுது! ரயில் போகுது!"

தண்டவாளம் முடிந்த இடத்தில் பெட்டி ஜல்லியில் இறங்கிப் புதைந்து சாய்ந்து நின்றது. மூக்குக்கு எதிரே மெயின் லைன். கொஞ்ச நேரத்தில் அதே லைனில் எக்ஸ்பிரஸ் ஒன்று ஊதிக்கொண்டே போனது. நம் ஊரில் அது என்றைக்கும் நின்றதில்லை.

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, நம்ம ஊர்ல எஞ்சின் செலவே கிடையாது!" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ரயில்வேயிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். எங்கள் டீயைத் தொடவில்லை. தண்டவாளத்தின் மேலேயே நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"ஏங்க, இதை யாரைக் கேட்டுப் போட்டீங்க? மொத்தப் பாதையும் மெயின் லைனை நோக்கி இறங்குது. நாளைக்கு நிறுத்தி வெச்ச வண்டி உருண்டா நேரா எக்ஸ்பிரஸ் மேலதான் போகும். இப்படியே எத்தனை வருஷம் கேட்டாலும் நாங்க சேர்க்க மாட்டோம். எல்லாத்தையும் பிரிச்சு, மண்ணடிச்சு, சமமாப் போடணும்."

மேஸ்திரிக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "வாட்டம் வெக்காம எப்படிம்மா? மழை பெஞ்சா தண்ணி நிக்காதா?"

வீட்டு மாடிக்கு, குளியலறைக்கு, வாசலுக்குச் சரிவாக வாட்டம் வைப்பதுபோலத் தண்டவாளத்துக்கும் வைத்திருக்கிறார். தண்ணீர் வடிய வேண்டும் அல்லவா? அவர் கட்டிய எந்த வீட்டிலும் தண்ணீர் நின்றதில்லை. இந்த ஊரில் வேறு எதையும் கட்ட யாரும் அவரைக் கூப்பிட்டதும் இல்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் அடுத்ததில்தான் வந்தது. போகும்போது அந்த அம்மா சொன்னார்: "போன வருஷமே நேர்ல வந்து உங்க தலைவர்கிட்ட சொன்னேனே."

தலைவரிடம் கேட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"சொன்னாங்கதான். பிரிச்சுப் போட்டா ஊர் சிரிக்காதா? ரயில் இருக்கான்னு பாத்துட்டுக் கம்பெனி வரும். கம்பெனி இருக்கான்னு பாத்துட்டு ரயில் வரும். ரெண்டுல ஒண்ணை வர வைக்க யாராவது முதல்ல பொய் சொல்லித்தானே ஆகணும்மா?"

அந்த 'யாராவது' நான். சம்பளம் வாங்கிக்கொண்டு, நல்ல தமிழில்.

மார்ச் 18, செவ்வாய்

கம்பெனிக்காரர்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. தலைவர் புதுத் தாள் எழுதச் சொல்கிறார். 'வாசலுக்கே வரும்' வேண்டாமாம், 'ரயில் பாதை அருகில்' போதுமாம். அது பொய்யில்லை. ஊரில் எல்லா வீடும் ரயில் பாதை அருகில்தான்.

மார்ச் 20, வியாழன்

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிரேனும் கிடையாது, வேலையும் கிடையாது, தலைவருக்கு முன்பே தெரியும் என்று.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்கிட்ட இப்ப சொல்லாத. வரட்டும். வந்ததுக்கப்புறம் சொல்லிக்கலாம். வந்தவன் என்ன, பட்டினியா கெடந்துடுவான்?" என்றார்.

நான் எதிர்த்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை? நானும் அதையேதானே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவர் வந்துவிடுவார். குட்டிக்கு அப்பா சார்ஜ் போடாமல் கிடைப்பார். வந்து இந்த ஊரில் என்ன செய்வார்? பெட்டிக் கடையா? தலைவர் வீட்டுக் காரை ஓட்டுவாரா?

தலைவரின் பொய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் கம்பெனிக்குப் பெட்டியைக் காட்டினார். நான் என் வீட்டுக்காரருக்குக் குட்டியைக் காட்டுகிறேன்.

மார்ச் 22, சனி

"மேற்பார்வையாளர்கிட்ட சொல்லிட்டேன், கையெழுத்துப் போடலைன்னு. மனசு மாறினா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லச் சொன்னார். மாறுமா என்ன?" என்றார் அவர் போனில்.

நான் "ம்" என்றேன்.

ச்சீ. ஒரு "ம்".

மார்ச் 25, செவ்வாய்

நீலப் பெட்டி இன்னும் ஜல்லியில்தான் கிடக்கிறது. தூக்க வேண்டும் என்றால் கிரேன் வேண்டும், இந்த ஊரில் கிரேன் இல்லை. இதைக் கேட்டதும் அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 27, வியாழன்

என்னங்க,

இந்தப் பக்கம் உங்களுக்கு. எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். மூன்று தடவை கூப்பிட்டேன், நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள் போல. போனில் பேசினால் மறுபடி "ம்" என்று சொல்லிவிடுவேனோ என்று பயம், அதனால் எழுதுவதே நல்லது.

கையெழுத்துப் போட்டுவிடுங்கள். இங்கே கிரேன் வராது. ரயில் வராது. தண்டவாளம் சரிவாகப் போட்டதால் ரயில்வே சேர்க்காது. இது எனக்குப் போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியே தெரியும். சனிக்கிழமை உங்களிடம் சொல்லவில்லை. நீங்க வந்துட்டா போதும்னு இருந்துச்சு. அவ்வளவுதான், வேற காரணம் இல்லை.

வாசலுக்கே ரயில் வரும்னு எழுதினதும் நான்தான். அதை நம்பாதீங்க, இதை நம்புங்க.

நீங்கள் வர வேண்டாம், நாங்கள் வருகிறோம். குடும்பத்தை அழைத்துக்கொள்ள அங்கே என்ன வழி என்று கேளுங்கள். மூன்று பேர் இருக்கிற மாதிரி ஓர் அறை பாருங்கள். ஜன்னல் ஒன்று இருந்தால் போதும். அத்தையை மட்டும்

அத்தை தூங்கவில்லை. எழுதியது சரியாக இருக்கிறதா என்று வாய்க்குள் படித்துப் பார்த்தேன், கேட்டுவிட்டார் போல. சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொல்கிறார்:

"மூணு இல்லடி. நாலுன்னு போடு."

நாலு பேர். அடித்துத் திருத்திவிட்டேன், பாருங்கள்.

மேற்பார்வையாளரிடம் நாளைக்குள் சொல்ல வேண்டும் அல்லவா? படித்ததும் பதில் போடுங்கள். சீக்கிரம் போடுங்க.