மூடியைத் தட்டும் கை

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் நலமா? இங்கே நலம் என்று பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை. போனில் சொல்லவும் வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று விட்டுவைத்திருந்தேன்.

மூன்று மாதமாக வேலை முடிந்ததும் மெகட்ரானிக்ஸ், அதாவது தானியங்கி மிஷின்களைப் பற்றிய அறிமுகப் படிப்புக்குப் போனேனே, அதில் தேறினால்தான் பாக்டரியில் இனி இடம். மற்றவர்கள் வேலைக்கு இயந்திரக் கை வருகிறது. நான் தேறிவிட்டால் நீங்கள் அந்த வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதானே பேசிவைத்தோம்? முதல் வகுப்பில், சென்சார் பார்க்கும், கன்ட்ரோலர் யோசிக்கும், மோட்டார் செய்யும் என்றார் வாத்தியார். எங்க வீட்டுல மூணும் நான்தான் சார் என்றேன், வகுப்பே சிரித்தது. அப்புறம் கணக்கும் வரைபடமும் வந்தன. என் சிரிப்பு போச்சு.

செய்முறைத் தேர்வில் அந்தக் கையைப் பிடித்து நடத்தி, பெட்டி அடுக்கப் பழக்க வேண்டும். நாம் நடத்துவதை அது அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொள்ளும். பதினோரு வருஷமாகப் பெட்டி ஒட்டி அடுக்கிய பழக்கதோஷம், ஒவ்வொரு பெட்டி மூடியையும் ஒரு தட்டுத் தட்ட வைத்துவிட்டேன். ஐயோ, மார்க் போச்சே என்று தலையில் கை வைத்தேன். பார்த்தால், சரியாக ஒட்டாத மூடியெல்லாம் அந்தத் தட்டில் திறந்துகொண்டது. மேனேஜர் கைதட்டினார். இப்போது எல்லா இயந்திரக் கைகளும் என்னைப் போலவே தட்டுகின்றன.

எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டுவிட்டேன். மறுபடி எழுத விடுங்கள் என்று கெஞ்சினேன். அதெல்லாம் முடியாதும்மா, உங்க அனுபவம்தான் மிஷின்ல இருக்கே, வீணாகலை என்றார் மேனேஜர். ஆறுதலாம்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். ஆறு இடத்தில் கேட்டுவிட்டேன், அங்கேயும் இதே கை வரப்போகிறதாம்.

அதனால், உங்கள் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் போட்டுவிடுங்கள். குட்டியிடம் நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், நோய்நொடி இல்லாமல் இருங்கள். இதைப் படித்ததும் போன் மட்டும் பண்ணிவிடாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால், வந்துடுங்க என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி